நாலரை அடி

பேய்க் கதை என்றால் உங்களுக்கு அமாவாசை வேண்டும், நள்ளிரவு வேண்டும், தூரத்தில் ஒரு நாய் ஊளையிட வேண்டும். என்னிடம் அதெல்லாம் கிடையாது. இது நடந்தது பட்டப்பகலில். தை மாதம், ஒரு புதன்கிழமை, பகல் 12 மணி 34 நிமிடத்தில் தொடங்கி 12 மணி 41 நிமிடத்தில் முடிந்தது. மொத்தம் ஏழே நிமிடம். சுள்ளென்ற வெயிலில், தண்ணீர் நிறைந்த ஒரு ஏரியின் வடக்கு மூலையில்.

கதை விடுகிறான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை எனக்குச் சொன்ன ஸ்ரீகாந்த், கோயிலுக்குப் போவதற்கே சோம்பல்படுகிற ஆள். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "வேற வேல இல்லியா?" என்று எழுந்து போய்விடுவார். அவரிடம் மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று தடவை கேட்டேன். ஒரு நிமிடம்கூட முன்பின் ஆகவில்லை. கருவி பதிந்து வைத்த எண்களின் அச்சுத் தாளையும் என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஏரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அங்கே ஆட்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஸ்ரீகாந்துக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு சர்வே கம்பெனியில் வேலை. ஏரிகளில் எங்கே எவ்வளவு ஆழம், எங்கே தூர்ந்து மேடாகிவிட்டது என்று அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். அதற்காக ஒரு பாண்டூன் படகு வைத்திருந்தார்கள். மீன்பிடிப் படகை நினைத்துக்கொள்ளாதீர்கள். நீளமான இரண்டு அலுமினியக் குழாய்கள் தண்ணீரில் மிதக்கும். அவற்றின் மேல் கட்டில் மாதிரி ஒரு பலகைத் தளம். பின்னால் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். அவ்வளவுதான் படகு.

ஆழம் பார்ப்பது டெப்த் ஃபைண்டர் என்ற கருவி. அதன் திரை தளத்தின் மேலே இருக்கும். ஆனால் கருவியின் உயிர் இருப்பது கீழே, டிரான்ஸ்டியூசர் என்ற கறுப்பு டப்பாவில். சோப்புக்கட்டி அளவுதான். அதைப் படகின் பின்பக்கம், தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும்படி ஓர் இரும்புப் பட்டையில் முடுக்க வேண்டும். அது தரையைப் பார்த்து ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைத் திரையில் காட்டும். அதன் முகத்தில் காற்றுக் குமிழி மட்டும் படவே கூடாது. பட்டால் அதற்குக் கண் தெரியாது. எண்ணுக்குப் பதிலாகத் திரையில் மூன்று கோடுகள் வரும்.

இந்த மூன்று கோடுகளில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அதற்கு முந்தைய வருடம், அதே தை மாதம், அதே ஏரியை ஸ்ரீகாந்த் அளந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு அவசரம். சாலவாக்கத்தில் மச்சினிக்கு வளைகாப்பு, ஒரு மணிக்குப் பந்தி. டிரான்ஸ்டியூசரை எங்கே பொருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கைக்கு எட்டிய இடத்தில், குழாயைத் தளத்தோடு பிணைக்கும் ஒரு பற்றுப்பட்டைக்கு நேர் பின்னால் முடுக்கிவிட்டார். படகு நகர நகர அந்தப் பட்டையில் நுரைத்த குமிழிகள் நேராக டப்பாவின் முகத்துக்கே வந்தன. நடு ஏரியில் மெதுவாகப் போனபோது எப்படியோ சமாளித்தது. வடக்கு மூலைக்கு வந்ததும் மூன்று கோடுகள். திரும்பிப் போய் மறுபடி வந்தார். மறுபடியும் மூன்று கோடுகள்.

நான்கு போல்ட்டைக் கழற்றி, ஒரு சாண் தள்ளி முடுக்கினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். வடக்கு மூலையில் பதினோரு கட்டங்கள் காலியாக இருந்தன. அவற்றுக்குப் பக்கத்துக் கட்டத்தில் 4.5 அடி என்று இருந்தது. பதினோரு கட்டங்களிலும் 4.5 என்று எழுதினார்.

பந்திக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. கரையில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் வந்து நின்றார். ராணியம்மாள். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். தாமரை இலை பறித்துப் பூக்கடைகளுக்குக் கொடுப்பவர். கையில் காற்று நிரப்பிய பழைய லாரி டியூப் ஒன்று இருந்தது.

"சார், அந்த மூலைல எல நல்லா பெருசா கீது. எறங்கலாமா? ஆழம் இன்னா கீது அங்க?"

"நாலரை அடிதான். உன் கழுத்துக்குதான் வரும். பயப்படாம எறங்கு."

"மிஷினு சொல்லிச்சா?"

"மிஷினுதான் சொல்லிச்சி."

அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போனார். வரைபடம் பஞ்சாயத்துக்குப் போனது. அதைப் பார்த்துக் கரையோரம் இரும்புப் பலகைகள் நட்டார்கள். வடக்கு மூலைப் பலகையில் சிவப்புப் பெயிண்டில் 'ஆழம் 4.5 அடி' என்று எழுதினார்கள். அதற்குப் பதினாறு நாள் கழித்து ராணியம்மாள் அந்த மூலையில் இறங்கினார். மறுநாள் காலை அவருடைய கணவர் முத்துவேல்தான் முங்கி உடலை வெளியே எடுத்தார்.

ஸ்ரீகாந்துக்கு விஷயம் தெரிந்தது டீக்கடையில்.

"நாலரை அடித் தண்ணில யாராச்சும் சாவாங்களா? நல்லா ஊத்திக்கினு எறங்கியிருக்கும்" என்றார் ஒருவர்.

ராணியம்மாள் அந்தப் பழக்கமே இல்லாதவர். ஆனால் பலகையில் நாலரை என்று இருக்கிறது. ஐந்தடி உயர மனுஷி செத்துப்போயிருக்கிறார். ஊருக்கு வேறு எப்படிக் கணக்கு நேராகும்? அங்கே பள்ளம் இருக்கிறது, திருட்டுத்தனமாகச் சவுடு மண் அள்ளிய பள்ளம் என்று முத்துவேல் எத்தனையோ பேரிடம் சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் பலகையைக் காட்டினார்கள். குடித்துவிட்டு இறங்கியதாக எழுதிக்கொண்டு போனார்கள். "உங்கம்மா குடிச்சிட்டுதானே செத்துது" என்று வகுப்பில் எவளோ கேட்டதில், மகள் கண்ணகி பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு டீக்கடையில் ஸ்ரீகாந்த் என்ன செய்தார் தெரியுமா? "ஆமாமா" என்று தலையாட்டினார். மிச்ச டீயையும் குடித்தார்.

ஒரு வருடம் ஓடியது. தூர் வாருவதற்காக ஏரியை மறுபடி அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது. போகாமல் இருக்க ஸ்ரீகாந்த் எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. புதன்கிழமை காலை 8 மணி 50 நிமிடத்துக்கு அவர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது, ஒரு மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு முத்துவேல் நின்றிருந்தார். அடிக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி கட்டிய கழி.

"கழி போட நான் வரேன் சார். கூட யாரும் வேணாம்."

"உன்னை யாரு வரச் சொன்னா முத்துவேலு?"

"யாரும் சொல்லல. அந்த மூலைய மட்டும் ஒருதபா நல்லா அளந்து குடு சார். அங்க பள்ளம் கீது. நான் சொன்னா எவனும் நம்பமாட்டேன்றான். மிஷினு சொன்னா நம்புவாங்க இல்ல?"

அவருக்கு எதுவும் தெரியாது. கருவி ஏதோ தப்பாகக் காட்டிவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த எண்ணை எழுதிய கை தன் எதிரிலேயே நிற்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்ரீகாந்த் தலையைக் குனிந்துகொண்டு கருவிப் பெட்டியைத் திறந்தார்.

இந்தத் தடவை அவர் டிரான்ஸ்டியூசரைப் பொருத்திய மாதிரி அந்தக் கம்பெனியில் யாரும் பொருத்தியிருக்க மாட்டார்கள். 9 மணி 10க்கு ஆரம்பித்தார். பற்றுப்பட்டையை விட்டு விலகி, மோட்டார் விசிறியையும் விட்டு விலகி, தண்ணீர் தெளிவாக ஓடும் இடமாகப் பார்த்துக் குறித்தார். குழாயில் ஓட்டை போடாமல் தளத்துச் சட்டத்தில் பட்டையைக் கவ்வவிட்டார். டப்பாவின் முகம் தரைக்கு நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். போல்ட்டுகளைக் கை வலிக்க முடுக்கினார். கரையோரம் மூன்றடித் தண்ணீரில் விட்டு, கருவி சொன்னதையும் கழி சொன்னதையும் நான்கு தடவை ஒப்பிட்டார். இம்மியும் பிசகவில்லை. முடித்தபோது மணி 10.30.

ஒரு வருடத்துக்கு முன்னால் இதில் பாதி அக்கறை இருந்திருந்தால் போதும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போல்ட்டை முடுக்கிக்கொண்டே அவருடைய மனம் வேறு ஒரு கணக்கும் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளம் தெரிந்தால் 'புதிதாகத் தோண்டிய பள்ளம்' என்று எழுதிவிடலாம். பழைய தப்பு வெளியே வராது. ராணியம்மாள் குடித்துவிட்டுச் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போவார். செத்தவர்களுக்கு இனிமேல் என்ன ஆகப்போகிறது? இப்படித்தான் நினைத்தாராம். மறைக்காமல் சொன்னார்.

கரையில் இன்ஜினியர் சசிரேகா லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டார். படகு கிளம்பியது. போன வருடம் மாதிரியே ஏரி கலங்கல் மட்டத்துக்கு, அதாவது இதற்கு மேல் ஒரு சொட்டு வந்தாலும் வழிந்துவிடும் என்கிற அளவுக்கு நிறைந்திருந்தது. தெற்கு, நடு, கிழக்கு எல்லாம் ஒழுங்காக முடிந்தன. எண்கள் ஏறின, இறங்கின. ஏரித் தரை அப்படித்தான் இருக்கும்.

12 மணி 30. அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது.

12 மணி 34. படகு வடக்கு மூலைக்குள் நுழைந்தது.

முதலில் ஸ்ரீகாந்த் கவனித்தது ஒரு சத்தத்தை. டிக்... டிக்... டிக்... டிரான்ஸ்டியூசரின் சத்தம்தான். ஆனால் அது மனிதக் காதுக்குக் கேட்கும் சத்தமே இல்லை. பத்து வருடத்தில் ஒரு நாளும் அவர் அதைக் கேட்டதில்லை. இப்போது செருப்பில்லாத பாதத்துக்கு அடியில், பலகை வழியாகக் கேட்டது.

திரையைப் பார்த்தார். 4.5.

அதற்குப் பிறகு அது நகரவில்லை.

படகு நகர்ந்தது. 4.5. இடது பக்கம் திருப்பினார். 4.5. பின்னால் வந்தார். 4.5. ஏரித் தரை என்ன, சிமென்ட் போட்ட கூடமா? அரை அடி நகர்ந்தாலே எண் மாறும். பதினோரு கட்டம் தூரத்துக்கு மாறவே இல்லை. தாமரைக் கொடி ஏதாவது மறிக்கிறதோ என்று எட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு கொடிகூட இல்லை. கறுத்த தண்ணீர்தான் இருந்தது.

"இன்னா சார் காட்டுது?" என்றார் முத்துவேல். படகின் முன்பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

ஸ்ரீகாந்துக்கு உடம்பு வேர்த்தது. ஆனால், கேவலம், பயத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது நிம்மதி. நாலரை! கருவியே சொல்கிறது. சரியாகப் பொருத்திய கருவி. அப்படியானால் நான் எழுதியது பொய்யே இல்லை.

"நாலரை" என்றார்.

முத்துவேல் கழியைத் தண்ணீருக்குள் விட்டார்.

ஒரு துணி உள்ளே போனது. இரண்டு. மூன்று. நான்கு. கழி நிற்கவில்லை. ஐந்து... ஆறு... ஏழு... எட்டு... ஒன்பது. பத்தாவது துணிக்கு அரை அடி இருக்கும்போது கழி நின்றது.

ஒன்பதரை அடி.

திரையில் 4.5.

12 மணி 37. சசிரேகா போனில் கூப்பிட்டார். "என்ன ஸ்ரீகாந்த், அந்த மூலை முடிஞ்சுதா? சேவ் பண்ணிட்டீங்கன்னா சாப்பிடப் போகலாம்."

"தோ மேடம்."

கழி பொய் சொல்லலாம். சேற்றில் இறங்கியிருக்கலாம். கருவி சொன்னால் கருவி சொன்னதுதான். இரண்டு வருடமும் ஒரே எண். இதற்கப்புறம் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. ஒரே ஒரு பொத்தான்.

அழுத்தினார்.

டங்.

படகுக்கு அடியில். அலுமினியக் குழாயில். யாரோ கை முட்டியால் கதவைத் தட்டுவது போல.

"கட்டை எதுனா இடிக்குதா?" என்று கேட்டார். அவருடைய குரல் அவருக்கே வேறாகக் கேட்டது.

"இங்க கட்டை இல்ல சார்."

டங்... டங்.

பட்டை கழன்று குழாயில் மோதுகிறது. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. மோட்டாரை நிறுத்தினார். பின்பக்கம் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கைவிட்டுப் பட்டையைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. முடுக்கியது முடுக்கியபடியே இருந்தது.

12 மணி 39. காற்றே இல்லை. கொக்குகளின் சத்தமும் இல்லை. அது எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது பார்த்தார்.

கீழேயிருந்து ஒரு குமிழி வந்தது.

கறுப்பு டப்பாவின் முகத்தில் வந்து ஒட்டியது. உடைந்தது.

அடுத்தது.

மோட்டார் ஓடவில்லை. படகு நகரவில்லை. குமிழி வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை...

அடுத்தது.

அடுத்தது.

ஓர் ஒழுங்கோடு வந்தன. மூச்சு விடும் ஒழுங்கு.

கையை உருவிக்கொண்டு எழுந்தார். திரையைப் பார்த்தார்.

4.5.

3.8.

ஏதோ மேலே வருகிறது.

"சார்... இன்னா காட்டுது?" முத்துவேல் திரும்பவே இல்லை.

3.1.

மோட்டாரைப் போட்டார். ஓடவில்லை.

2.4.

டிக். டிக். டிக். டிக்.

1.6.

"சொல்லு சார். இன்னா காட்டுது?"

0.9.

பாதத்துக்கு அடியில் பலகை மெல்ல எழும்பியது.

"மிஷினு சொல்லல!" என்று கத்தினார் ஸ்ரீகாந்த். "போன வருசம் மிஷினு ஒண்ணுமே சொல்லல. கோடுதான் வந்துச்சி. நாலரைன்னு நான் எழுதனேன். அந்தம்மா வந்து கேட்டாங்க. நான்தான் எறங்கச் சொன்னேன். நான்தான்... அண்ணே, நான்தான் சொன்னேன்!"

டிக் சத்தம் நின்றது.

திரையில் மூன்று கோடுகள்.

பிறகு 9.5.

மணி 12.41.

கொக்குகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. மோட்டார் தானாகவே உறுமிக்கொண்டு கிளம்பியது. முத்துவேல் கழியை வெளியே இழுத்துப் படகில் போட்டார். ஸ்ரீகாந்தை ஒரு தடவை பார்த்தார். கரை வந்ததும் மரக்கிளையில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தேன் என்றார் ஸ்ரீகாந்த்.

அன்று மாலையே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, சசிரேகாவிடம் நீட்டினார். குமிழி, சத்தம் எல்லாவற்றையும் அல்ல. போன வருடம் பதினோரு கட்டங்களில் பொய் எண் எழுதியதை.

"யோசிச்சுத்தான் எழுதினீங்களா? வேலை போயிடும் ஸ்ரீகாந்த்."

"யோசிக்கறதுக்கு ஒரு வருசம் இருந்துச்சி மேடம்."

வேலை போனது. வழக்கும் வரும் என்றார்கள், வரட்டும் என்றார். வடக்கு மூலையில் பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு 'பள்ளம். ஆழம் 9.5 அடி. இறங்காதீர்' என்று புதுப் பலகை நட்டார்கள். ஸ்ரீகாந்த் அதே டீக்கடைக்குப் போனார். அதே ஆட்கள் இருந்தார்கள். அந்தம்மா குடிக்கவில்லை, என்னால்தான் செத்தார் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்றைக்கு யாரும் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் இது ஒரு நல்ல முடிவு. பயந்தார், உண்மையைச் சொன்னார், ஆத்மா சாந்தியடைந்தது என்று நாமும் தூங்கப் போகலாம்.

ஆனால் பதினோராவது நாள் ஸ்ரீகாந்த் முத்துவேலின் வீட்டுக்குப் போனார். காலில் விழுவதற்காகத்தான் போனார். கையில் அந்த அச்சுத் தாள் இருந்தது. கருவி பத்து விநாடிக்கு ஒரு தடவை எண்ணைப் பதிந்துகொள்ளும். 12.34 முதல் 12.41 வரை நாற்பத்திரண்டு வரிகள். அதில் அவரால் விளங்கிக்கொள்ள முடியாத ஒன்று இருந்தது. 3.8 இல்லை. 2.4 இல்லை. 0.9 இல்லை. ஏதோ மேலேறி வந்ததாக அவர் கண்ணால் பார்த்த எண்களில் ஒன்றுகூடத் தாளில் இல்லை.

முத்துவேல் தாளை வாங்கி மகளிடம் கொடுத்தார். "படி."

கண்ணகி படித்தாள். "நாலு புள்ளி அஞ்சு. நாலு புள்ளி அஞ்சு. நாலு புள்ளி அஞ்சு..." கடைசி வரை படித்தாள். "எல்லாம் நாலரைதான் நைனா."



"நான் இத யாருகிட்டயும் சொல்லல சார்" என்றார் முத்துவேல். "அன்னிக்கு சாப்பாட்டு மணி அடிச்சிது. நான் கரையில எலையக் கட்டிக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா டியூபு மட்டும் மெதக்குது. ஓடிப்போயி, டியூபு மேல படுத்துக்கினு கழிய வுட்டுப் பாத்தேன். நாம நின்னமே, அதே எடந்தான்."

ஸ்ரீகாந்த் தலையாட்டினார்.

"கழி கொஞ்சம் போயி நின்னுடுச்சி. மெத்துனு இருந்துச்சி. எத்தினி துணி உள்ள போயிருக்குன்னு பாத்தேன். நாலு துணி. மேல ஒரு அரை அடி. கரையில உன் போர்டு கீது. நாலரை. சரி, இதான் தரை, சேறுதான் மெத்துனு கீது, அவ இங்க இல்லன்னு... தாமரைப் பக்கம் தேடப் போயிட்டேன்."

ஸ்ரீகாந்த் கண்ணகியின் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மறுநாளு முங்கறப்பதான் பாத்தேன். காலு ரெண்டும் களிமண்ணுல மாட்டிக்கினு, அதே எடத்துல நின்ன வாக்குல நின்னுகினு கீறா. கழி பட்டது தரையில இல்ல சார். அவ தலையில."

அதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தவர் போல, மெதுவாகச் சொன்னார்.

"நான் கழிய வெளிய எடுக்கறப்ப அந்த எடத்துல குமிழி வந்துகினு இருந்துச்சி."

கண்ணகி அந்தத் தாளை நான்காக மடித்து ஸ்ரீகாந்திடமே திருப்பிக் கொடுத்தாள்.